நாலு பையில் தொடங்குங்கள்: மாடியிலும் பால்கனியிலும் தோட்டம் போட முழுமையான வழிகாட்டி

"எங்க வீட்டுல துளசிகூடத் தங்கறதில்லைங்க, எனக்குக் கைராசி இல்லை." மாடித்தோட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும் அதன் மொட்டைமாடியிலுமாகப் பல வருஷங்கள் மண்ணைக் கிளறிய அனுபவத்தில் சொல்கிறேன்: கைராசி என்று ஒன்று கிடையாது. செத்துப்போன செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். ஒன்று, வெயில் போதாமல் கொடியைப் போல நீண்டு மெலிந்திருக்கும். இல்லையென்றால், வேர் அழுகி நாற்றமடிக்கும். மிச்சக் காரணங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். வேர் அழுகலைத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். விதை வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே வெயில், மாடி தாங்கும் பாரம் என இரண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதல் கணக்கு: வெயில்

ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணியிலிருந்து மணிக்கொரு தடவை பால்கனியை எட்டிப் பாருங்கள். வெயில் எதுவரை விழுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு இழுத்து நேரத்தை எழுதுங்கள். மாலையில் தரையே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் விழும் இடம் கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு. மூன்று, நாலு மணி நேரம் இருந்தால் கீரை. இரண்டு மணி நேரந்தான் என்றால் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலையோடு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் தக்காளி வைத்துவிட்டு உரம் போதவில்லை என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

இன்னொன்று. இன்று போட்ட கோடு ஆறு மாதம் கழித்துப் பொய்யாகிவிடும். சென்னை நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். அதன்பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் நடுவில் மறுபடி தலைக்கு மேல் வந்து, மார்கழியில் தெற்கே நன்றாகத் தாழ்ந்துவிடும். தெற்குப் பார்த்த பால்கனிக்கு ஐப்பசி முதல் மாசி வரை அருமையான வெயில் கிடைக்கும். மே மாதத்தில் நடுப்பகல் வெயில் உள்ளேயே வராது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு இதற்கு நேர்மாறு. என்னைக் கேட்டால் கிழக்குப் பால்கனிதான் ராஜா: காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், மத்தியானத்து நெருப்பு விழாது.

இரண்டாவது கணக்கு: பாரம்

மொட்டைமாடி கைவசம் இருப்பவர்கள் இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் இந்தியத் தர விதிப்படி வடிவமைப்பார்கள். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள ஒரு பையில் முக்கால் அளவு மண்கலவை நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் பதினெட்டு, இருபது கிலோ வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் இப்படிப் பத்துப் பைகளை நெருக்கி வைத்தால் கணக்கு 150-ஐத் தாண்டிவிட்டது. எனவே வரிசைக்கு வரிசை நடைபாதை விடுங்கள். சுவரோரமாகவும், அடியில் பீம் போகிற இடத்திலும் வையுங்கள். பால்கனி என்றால் கனமானதெல்லாம் வீட்டுச் சுவர்ப் பக்கம், லேசானது கம்பிப் பக்கம். முப்பது, நாற்பது வருஷப் பழைய கட்டடமா, ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பையைத் தளத்தின்மேல் அப்படியே உட்காரவைக்கவும் கூடாது. நாலு செங்கல், அதன்மேல் பழைய பலகை, அதன்மேல் பை. அடியில் காற்றோடினால்தான் தளம் காயும். நான் முதல் வருஷம் இதைச் செய்யவில்லை. ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரையில் இந்திய வரைபடம்போல ஈரம் பூத்தது. கீழ்வீட்டு அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. மேலே வந்து கத்தரிச் செடியைப் பார்த்தார், கீழே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. மொட்டைமாடி எல்லாருக்கும் பொது என்றால் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முதல் கட்டுக் கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வேலை நடக்கும்.

பையா, தொட்டியா, பெயின்ட் வாளியா?

எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை இருந்தால் போதும். குரோ பேக் லேசு, விலை குறைவு. ஆனால் வெயிலில் சில வருஷத்தில் நொறுங்கத் தொடங்கும். மண்தொட்டி அழகு, சீக்கிரம் காய்ந்துவிடும், கனமும் அதிகம். இருபது லிட்டர் பெயின்ட் வாளி என் கட்சி. நன்றாகக் கழுவி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஆறு ஓட்டையும் பக்கவாட்டில் ஓர் அங்குல உயரத்தில் இரண்டு ஓட்டையும் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பழக்கடையில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டி அதற்குத் தோது. பீர்க்கை, பாகல் போன்ற கொடிகளுக்கு 18 அங்குலப் பை வேண்டும்.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை என்று பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுப்பதுண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு நடை விசாரித்துப் பாருங்கள்.

மண்கலவை

முக்கால்வாசி வெற்றி இங்கேதான். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. எடையில் இல்லை, கொள்ளளவில். ஒரே பக்கெட்டால் மூன்றையும் அளந்து போடுங்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி. முன்னது வேர்ப்பூச்சிக்கு, பின்னது வேரழுகலுக்கு. மாடி பழையதென்றால் செம்மண்ணைப் பாதியாகக் குறைத்து நாரைக் கூட்டிக்கொள்ளலாம்.

நார்க்கழிவு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஐந்து கிலோக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டால் அறுபது லிட்டருக்கு மேல் பூத்து வரும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். கடையில் கழுவிய நார் என்று சொல்லித் தந்ததை நம்பி நான் அப்படியே கலந்தேன். ஒரு வாரத்தில் தக்காளி நாற்றுகளின் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இப்போது நானே கழுவுகிறேன். பெரிய தொட்டியில் ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் வரும். இரண்டாவது தடவை டீ. மூன்றாவது தடவை வெளிறிய பனங்கற்கண்டு நிறம் வந்ததும் நிறுத்தலாம். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் விட்டுவிடுங்கள்.

கலந்த மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. இந்தப் பதம் வந்ததும் பைகளில், மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நாள் நிழலில் சும்மா வையுங்கள். இந்தப் பத்து நாள் காத்திருக்க மாட்டாமல்தான் பலர் விதையை இழக்கிறார்கள். மக்காத உரம் சூடு கிளப்பும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லாரும் சொல்வார்கள். மழையை நம்பியிருக்கும் நிலத்துக்கு அது சரி. நம் பைக்கு மேலே குழாய் இருக்கிறதே! ஆடியில் போட்ட தக்காளி, சென்னையில் பூத்துக் காய்க்கிற சமயம் பார்த்து வடகிழக்குப் பருவமழை கொட்டும். அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை வேறு: கார்த்திகை மழை ஓய்ந்ததும், மார்கழிப் பிறப்புக்கு விதை போடுங்கள். வெயில் இதமாக இருக்கும், பூச்சித் தொல்லை குறைவு. கத்திரி வெயில் வருவதற்குள் மூன்று, நாலு மாத அறுவடை கைக்கு வந்துவிடும். கீரைக்கு மட்டும் நாள் நட்சத்திரம் கிடையாது. அடைமழையைத் தவிர எப்போதும் போடலாம்.

முதல் நாலு பை

நாற்பது பை வாங்காதீர்கள். நாலு போதும். ஆசை தீராவிட்டால் எட்டு.

சிறுகீரை முதலில். ஏனென்றால், இருபத்தைந்தே நாளில் பலன் தந்து உங்களை இந்தப் பைத்தியத்தில் கட்டிப்போடுவது அதுதான். விதை கடுகைவிடப் பொடி. ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய பொடிமண் போர்த்தி, கையால் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரே மூலைக்குப் போய்விடும். எறும்பு ஒரே ராத்திரியில் மொத்த விதையையும் தூக்கிப் போகும்; பைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிடி ரவையைத் தூவி வைத்தால் அதைச் சுமக்கப் போய்விடும். மறுபடி மறுபடி வெட்டிச் சமைக்க வேண்டுமென்றால் அரைக்கீரை. அடியில் விரற்கடை விட்டு அறுத்தால் மாதக்கணக்கில் துளிர்க்கும்.

அடுத்தது வெண்டை. விதையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் நேராகப் பையிலேயே ஊன்றுங்கள். வெண்டைக்குப் பிடுங்கி நடுவது ஆகாது. ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, நன்றாக வந்ததை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நாற்பது நாளை ஒட்டி மஞ்சள் பூ வரும். பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் காய் முற்றி விறகாகிவிடும். ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு செடியின் வெண்டை ஒரு நாள் பொரியலுக்குக் காணாது. ஆறு செடி இருந்தால்தான் நாலு பேர் வீட்டுக்குக் கட்டுப்படியாகும். ஒற்றைச் செடி வைத்திருப்பவர்கள் பறித்ததையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்து, சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது கத்தரி. நர்சரியில் நாற்றாக வாங்கினால் ஒரு மாதம் மிச்சம். பைக்கு ஒன்று. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்கிவிடாதீர்கள். ஓரடி உயரத்தில் வெட்டி, இரண்டு கைப்பிடி உரம் வைத்தால் இன்னொரு சுற்றுக் காய்க்கும். நாலாவது மிளகாய். இரண்டு செடி இருந்தால் பச்சைமிளகாய்க்குக் கடைக்குப் போகும் வேலை பெரும்பாலும் இராது.

தக்காளி? முதல் முறை வேண்டாம். தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்றால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும், இலை சுருளும், அணிலும் வரும். இரண்டாவது பட்டத்தில் போடுங்கள். அப்போது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற ரகமாகப் பார்த்து வாங்கினால் அதிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை தாயைப்போல வராது.

கொத்தமல்லியும் புதினாவும்

கொத்தமல்லி முளைக்கவில்லை என்பது நகரம் முழுக்கக் கேட்கிற புலம்பல். நாம் விதை என்று நினைக்கும் தனியா, உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டிய ஒரு காய். அதை உடைக்க வேண்டும். துணியில் பரப்பி ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தால் லேசாக ஒரு தேய்ப்பு. சரக்கென்று இரண்டாகப் பிளக்கும், பொடியாகும்வரை தேய்த்துவிடாதீர்கள். ராத்திரி ஊறவைத்து, காலையில் தூவி, அரை அங்குலம் மண் மூடுங்கள். எட்டு முதல் பத்து நாள் மண் வெறிச்சோடித்தான் கிடக்கும். ஆறாம் நாள் பொறுமையிழந்து கிளறினீர்களோ, போச்சு. கோடையில் போட்டால் இலை வருவதற்குள் பூத்துவிடும். கார்த்திகை முதல் மாசி வரைதான் அதற்கு நல்ல காலம்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த நாலு தண்டை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் வையுங்கள். வேர் விட்டதும் அகலமான தொட்டியில் நடுங்கள். வேறு எதனோடும் சேர்த்து வைத்துவிடாதீர்கள், ஓடி ஆக்கிரமித்துவிடும். கறிவேப்பிலைக்கு முதல் ஒரு வருஷம் பொறுமை வேண்டும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை விடும். மாதம் ஒருமுறை புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றுவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம்.

தண்ணீர்: விரலை நம்புங்கள்

தினமும் காலையில் ஒரு சொம்பு என்று முறை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை. உலர்ந்திருந்தால், அடி ஓட்டையில் சொட்டும்வரை ஊற்றுங்கள். கோடையில் இரண்டு வேளையும் வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் இலை துவளும். பயந்து ஊற்றாதீர்கள், சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெறும் வெயில் களைப்பு. மாலையிலும் துவண்டு, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போலத் தெரியும். அதில் இருப்பது வடிகட்டிய உப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும் பகுதிகளில் மண்ணின்மேல் வெள்ளையாகப் படியும். மழை வரும்போது பைகளை நன்றாக நனையவிட்டால் அந்த உப்பு கொஞ்சம் கழுவிப் போகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய நீரைத் தினமும் கொட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரத்துத் தெளிந்த தண்ணீர் போதும்.

சாப்பாடு

பையிலுள்ள சத்து தண்ணீரோடு வடிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம்; பதினைந்து நாளுக்கொருமுறை பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி. மூன்று சதவீதம் என்ற இந்த அளவு, கொடுமுடி மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யாவை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது. வாசனைக்கு அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தால் சாயங்காலம் தெளியுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். காய்கறித் தோலைப் பச்சையாகப் பையில் புதைப்பது மட்டும் வேண்டாம். சூடு, ஈ, பிறகு எலி. மூடியுள்ள வாளியில் காய்ந்த இலையும் தோலுமாக மாற்றி மாற்றி அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதத்தில் உரம்.

பூச்சி

மருந்தைவிடக் கண் முக்கியம். காலை காபியோடு போய், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். எறும்பு சாரை சாரையாகச் செடியில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கசியும் தேனுக்குத்தான் எறும்பு போகிறது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தே போக்கிவிடலாம். மீறினால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சில துளி சோப்புக் கரைசலைக் கலக்கி, பிறகு 5 மில்லி எண்ணெய் விட்டுக் குலுக்கி, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

வெண்டை இலையின் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது நச்சுயிரி நோய். வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் பிடுங்குங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டால் ஈ குறையும். கத்தரியின் நுனிக் குருத்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. ஓர் அங்குலம் கீழே வெட்டி நசுக்கிவிடுங்கள். அணிலுக்கு வலைதான் வழி.

பூ

காய்கறி மட்டும் வைத்தால் தேனீ அதிகம் வராது, தேனீ வராவிட்டால் கொடியில் காய் நிற்காது. அதனால் இரண்டு செண்டுமல்லியாவது வையுங்கள். வெயில் குறைந்த மூலைக்குக் கனகாம்பரம். அதன் காய்ந்த நெற்றில் தண்ணீர் பட்டால் டப்பென்று வெடித்து விதையை எறியும், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். குண்டுமல்லியைக் கார்த்திகையில் நன்றாகக் கவாத்துச் செய்து உரம் வைத்தால், மாசி, பங்குனியில் மொட்டு விடத் தொடங்கும். வெட்ட மனமில்லாமல் வளர்த்தால் கொடிதான் மிஞ்சும்.

உயரமான மாடிக்குத் தேனீ வரவில்லையா, நாமே தேனீ ஆக வேண்டியதுதான். பீர்க்கை சாயங்காலம் பூக்கும். பாகலும் பூசணியும் காலையில். பெண் பூவுக்கு அடியில் விரல்நுனி அளவில் ஒரு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். இரண்டு நாளில் அந்தக் குட்டிக் காய் பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் நாளை இன்னொரு பூ.

கத்திரியும் புயலும்

மே மாதம் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எதையாவது மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்புங்கள். கீரையைத் தவிரப் புதிதாக எதையும் நடாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். அடைமழைக் காலத்தில் உரம் வைக்காதீர்கள், ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் எல்லாவற்றையும் தரைக்கு இறக்கிவிடுங்கள். பத்துக் கிலோத் தொட்டி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசிக் காயைப் பறிக்காதீர்கள்

பட்டம் முடிகிற சமயத்தில், நோய் வராத நல்ல வெண்டைச் செடியில் ஒரு காயை அப்படியே விட்டுவிடுங்கள். பச்சை போய், வைக்கோல் நிறமாகி, வரிவரியாக வெடிக்கும். நெற்றை எடுத்து உலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். உரித்து, நிழலில் நாலு நாள் காயவைத்து, கொஞ்சம் சாம்பல் கலந்து காகித உறையில் போட்டு, மேலே ரகமும் தேதியும் எழுதுங்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படி ஏழெட்டு உறைகள் இருக்கின்றன. போன மார்கழியில் அதில் ஒன்றைக் கீழ்வீட்டு அத்தைதான் கேட்டு வாங்கிப் போனார்.